ஊர்க்கடல் திறக்கும் நாள்

வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் எழுதியது கையேடுகள்தான். பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில், எந்தத் திருகை எந்தப் பக்கம் முடுக்க வேண்டும், எந்த விளக்கு சிவந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது. ஹைதராபாத்தில் வெளிநாட்டுக் கிராமப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி தரும் நிலையம் ஒன்று, அவர்களுடைய ஆங்கில அறிக்கைகளைத் திருத்தித் தர ஆள் தேடியது. செகந்திராபாத் மாரெட்பள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வாரத்தில் சில நாள் போய்வர ஒப்புக்கொண்டேன். "வீட்டுல என்னையத் திருத்துனது போதாதாக்கும்" என்றார் என் கணவர். அவர் திருநெல்வேலிக்காரர். இந்த ஊருக்கு வந்து தலை நரைத்துவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் தாமிரபரணியைத் தாண்டவில்லை.

அந்த வருடம் வந்த குழுவில் இந்தோனேசியாவிலிருந்து ஒரு பெண் இருந்தாள். நாற்பதைத் தொட்டவள். என்னைவிட மிகவும் சின்னவள் என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன். மலுக்குத் தீவுகளில், பெரிய வரைபடத்தில்கூடப் புள்ளியாக விழாத ஒரு தீவில் அவளுடைய கிராமம். மேலே கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் மலைச்சரிவு, கீழே கொஞ்சம் வீடுகள், ஒரு தேவாலயம், எதிரே கடல். ஊராட்சி நடத்தும் சுற்றுலாக் குழுவுக்கு அவள் தலைவி. பயணிகளுக்கென்று நான்கு அறைகள் கட்டி வைத்திருந்தார்கள். அவற்றில் தங்கியவர்கள் பெரும்பாலும் கிராம்பு வியாபாரிகளும், படகு பழுதாகி வேறு வழியில்லாமல் கரையேறியவர்களும்தான்.

அவளுடைய அறிக்கை, அந்தக் கிராமத்தில் பயணிகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் என்ன வாய்ப்பு இருக்கிறது என்பதைப் பற்றியது. முதல் தடவை படித்தபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அருவி, பவழப்பாறை, முற்றங்களில் கிராம்பு காயும் வாசனை எல்லாம் நாலு வரியில் முடிந்துவிட்டன. மீதி அத்தனையும், கடலுக்குள் யாரும் இறங்கக் கூடாது என்பதைப் பற்றி. ஆட்களை அழைக்கிற அறிக்கையில் யாராவது 'வராதே' என்று எழுதுவார்களா? அந்தப் பகுதியை அப்படியே வெட்டி, கடைசிப் பக்கத்தில் 'பருவகாலக் கட்டுப்பாடுகள் உண்டு' என்று ஒற்றை வரியாக ஆக்கிக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்துப் புன்னகைத்தாள், நன்றி சொன்னாள், வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் அத்தனையையும் பழையபடி எழுதிக் கொண்டுவந்தாள். மறுபடி வெட்டினேன். மறுபடி புன்னகை, மறுபடி பழைய கதை. அவர்கள் ஊரில் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது மரியாதை இல்லையாம். வாயைத் திறந்து முடியாது என்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று எனக்கு ஆத்திரம்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, விஷயம் என்ன என்று கேட்டேவிட்டேன். அன்றுதான் சொன்னாள். அவளுடைய நாட்டிலேயே ஒரு சுற்றுலா நிறுவனம் கிராமத்தைத் தேடி வந்திருக்கிறது. படகுத்துறையும் கடலோரக் குடில்களும் கட்டித் தருகிறோம், ஒரே நிபந்தனை, ஊர்க்கடல் வருடம் முழுவதும் பயணிகளுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்குச் சம்மதம். பிள்ளைகள் வேலை தேடித் தீவைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், படகுத்துறை வந்தால் திரும்பி வருவார்கள் என்ற ஆசை. இவள்தான் கெஞ்சிக் கூத்தாடி அவகாசம் வாங்கியிருக்கிறாள். கடலை மூடி வைத்திருந்தாலும் வருவதற்குச் சம்மதிக்கிற ஒரு கூட்டத்தையாவது இந்தியாவிலிருந்து பிடித்துக்கொண்டு வருகிறேன், அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வெறுங்கையோடு திரும்பினால் கையெழுத்து விழுந்துவிடும்.

கடலை யாராவது மூடுவார்களா என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்கு அன்று முழுதாக ஏறவில்லை. எங்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான் ஏறியது.

பயிற்சிக்கு வந்தவர்களை உள்ளூர்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவளை அழைத்தேன். கடல் கடந்து வருகிற விருந்தாளி என்று என் கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பின்பக்கத் தென்னையிலிருந்து குருத்தோலை வெட்டிப்போட்டு, காலை முழுக்கத் தரையில் உட்கார்ந்து, கிளியும் குருவியுமாக மடித்துத் தோரணம் பின்னினார். கேட்டுக்கு இரண்டு பக்கமும் கம்பு நட்டு, குறுக்கே அதைக் கட்டினார். எட்ட நின்று அழகு பார்த்தார். செகந்திராபாத்தில் கல்யாண வீட்டிலேயே பிளாஸ்டிக் தோரணம் கட்டுகிற காலத்தில் இதை யார் செய்வார்கள் என்று பெருமை வேறு.

ஆட்டோ வந்து நின்றது. அவள் இறங்கினாள், தோரணத்தைப் பார்த்தாள், தெருவிலேயே நின்றுவிட்டாள். நாங்கள் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வா வா என்கிறோம், அவள் அசையவில்லை. நாய்க்குப் பயப்படுகிறாளோ என்று பக்கத்து வீட்டு நாயை என் கணவர் விரட்டினார். அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்த நாய். செருப்பை எங்கே விடுவது என்று யோசிக்கிறாளோ என்று நான் என் வெறுங்காலைத் தூக்கிக் காட்டினேன். அவள் கைகளை முன்னால் கோர்த்துக்கொண்டு, மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்.

"எப்போது திறப்பீர்கள்?"

அவளுடைய கிராமத்தில் இரண்டு கம்பு நட்டுக் குருத்தோலை கட்டினால் அது வரவேற்பு இல்லை, தடை. அதற்கு சாசி என்று பெயர். கடலில் ஒரு பகுதியை மாதக்கணக்கில் அப்படி மூடிவைப்பார்கள். தேவாலயத்தில் ஜெபம் செய்து கரையில் ஓலையைக் கட்டிவிட்டால், அதற்குப் பிறகு அங்கே வலை போடக் கூடாது, சிப்பி எடுக்கக் கூடாது, விளையாட்டுக்குக்கூட முங்கக் கூடாது. சுவர் கிடையாது, பூட்டு கிடையாது, வெறும் ஓலைதான். உள்ளே மீனும் சிப்பியும் பெருகட்டும் என்று ஊரே விலகி நிற்கும். ஊர் நியமித்த கடல்காவலர்கள் முங்கிப் பார்த்து, போதும், வளர்ந்துவிட்டன என்று சொன்னால் ஊர் கூடி ஒரு நாள் அவிழ்ப்பார்கள். ஜாவாவில் கல்யாணத்துக்குக் குருத்தோலை கட்டுவார்கள் என்று அவளுக்கும் தெரியுமாம். ஆனால் வாசலுக்குக் குறுக்கே பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது என்றாள்.

என் கணவர் நாக்கைக் கடித்துக்கொண்டு அதைப் பிய்த்தெறியப் போனார். அவள் தடுத்தாள். அவிழ்ப்பதற்கும் ஒரு முறை உண்டாம். கேட்டருகே கண்ணை மூடி நின்று அவள் மொழியில் ஒரு ஜெபம் சொன்னாள். பிறகு ஒரு முனையை அவளே அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் உள்ளே வந்தாள். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலில் தடையுத்தரவு போட்ட ஒரே ஆள் தான்தான் என்று அன்று முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் என் கணவர்.

சாப்பாட்டுக்கு இன்னொருவரையும் கூப்பிட்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரர். ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம், தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்கு செகந்திராபாத் வந்தவர்கள். அவரும் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். வேலையில் இருந்தபோதே லீவு போட்டுவிட்டு ஆட்களைக் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் கூட்டிப்போவார், இப்போது அதுவே தொழிலாகிவிட்டது. சமையல்காரர், அடுப்பு, ஊறுகாய் ஜாடி சகிதமாகக் கிளம்பும் கூட்டம் அவருடையது. பாலி வரைக்கும் போய் வந்திருக்கிறார். இந்தோனேசியாவைக் கண்ணால் பார்த்த ஒருவராவது பந்தியில் இருக்கட்டும் என்றுதான் அழைத்தோம். மனிதர் அன்று ரசம் சாதத்தைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் எனக்கு ஒரு பொட்டலம் கிராம்பு கொண்டுவந்திருந்தாள். பிரித்ததும் சமையலறையையே தூக்கியது வாசனை. இத்தனை நாளும் நான் பிரியாணியில் போட்டது வெறும் குச்சி என்று தெரிந்தது.

மறுநாள் அறிக்கையில் நான் வெட்டியதையெல்லாம் நானே திரும்பச் சேர்த்தேன். ஓலை கட்டுவது, காத்திருப்பது, அவிழ்ப்பது எல்லாம் அவள் சொன்ன வரிசையில். இலக்கணத்தை மட்டும் சரிசெய்தேன்.

பயிற்சியின் கடைசி வாரத்தில் அறிக்கையைச் சபையில் படிக்க வேண்டும். நகரத்துப் பயண முகவர்கள் சிலரையும், முதலீடு செய்யக்கூடியவர்கள் சிலரையும் நிலையத்தார் அழைத்திருந்தார்கள். அவளுக்கு மேடை நடுக்கமே இல்லை, எனக்குத்தான் இருந்தது. நன்றாகத்தான் பேசினாள். முன்வரிசையில், பட்டான்செருவில் மருந்து ஆலையும் வேறு ஊர்களில் விடுதிகளும் வைத்திருக்கும் ஒருவர் இருந்தார். குடில் கட்டினால் வருகிறவர்களுக்கு டிசம்பரில் கடல் உண்டா இல்லையா என்று அவர் கேட்டார். சில வருடம் இருக்கும், சில வருடம் இருக்காது என்றாள். மூடுவதை வருடத்தில் ஒரு மாதமாகக் குறைத்துக்கொள்ள முடியுமா என்றார். அவள் புன்னகைத்தாள். அந்தப் புன்னகைக்கு என்ன பொருள் என்று அந்த அரங்கில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் மரியாதையாக நன்றி சொன்னார், தேநீர் குடித்தார், போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அறை காலியாகக் கிடந்தால் விடுதி நடத்துகிறவர் என்ன செய்வார்? ஆனால் அவர் போனதும் மற்றவர்களும் அவளுடைய துண்டுப்பிரசுரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவியபோது என் மனசு விட்டுப்போயிற்று.

அவள் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஊரில் சொல்லிவிடுகிறேன் என்றாள். எனக்கு அழுகை முட்டியது. அதை மறைக்க, தேநீர் ஆறிப்போயிருக்கிறது என்று கேன்டீன்காரரோடு சண்டைக்குப் போனேன்.

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் வந்து சோபாவில் உட்கார்ந்தார். அரங்கில் நடந்ததைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கடலைத் திறக்கிற அன்றைக்கு அங்கே என்ன நடக்கும் என்று கேட்டார். அவள் சொல்லியிருந்ததைச் சொன்னேன். விடியும்போதே ஊர் முழுக்கக் கரையில் கூடிவிடும். ஜெபம் முடிந்து சங்கு ஊதுவார்கள். ஓலை அவிழ்ந்ததும் பெரிசு சின்னது எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரில் பாயும். மாலையில் கரையிலேயே பொது விருந்து, பாட்டு.

"அப்பறம் இன்னாத்துக்கு அக்கா எல்லாரும் மூடியிருக்கிற நாளையே பேசிக்கினு இருந்தீங்க? சொர்க்கவாசல் வருஷத்துக்கு ஒருக்காதான் தொறக்குது. அதனாலதானே ஜனம் குளிர்ல போயி நிக்குது? தெனம் தொறந்து வெச்சா எவன் வருவான்? நான் அந்தத் தொறக்கிற நாளுக்கு ஆள் சேர்க்கிறேன்."

என் கணவர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போதே அவளுக்கு போன் போட்டேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், தேதி சொல்ல முடியாது என்றாள். எந்த மாதம் என்று உத்தேசமாகத் தெரியும், எந்த நாள் என்று காவலர்கள் முங்கிப் பார்த்த பிறகுதான் தெரியும். அதற்காக அவர்களை அவசரப்படுத்தினால் அந்த நிறுவனத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஊரில் கேட்பார்கள். நல்ல காலத்தைத் தன் கையாலேயே தள்ளிவிடுகிறோமோ என்ற பயம் அவள் குரலில் இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் அசரவில்லை. அவருடைய கூட்டத்தில் வருகிறவர்கள் எல்லோரும் பென்ஷன்காரர்கள். லீவு கேட்க வேண்டிய அதிகாரி யாருக்கும் கிடையாது. முன்னே பின்னே ஒரு வாரம் தங்க வேண்டியிருந்தால் தங்குவார்கள், சமையல்காரர்தான் கூட இருக்கிறாரே என்றார். அப்படியானால் அதை ஊர்க்கூட்டத்திடம் நீங்களே சொல்லுங்கள் என்றாள் அவள்.

அவள் ஊர் கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்தக் கூட்டம். எங்களைவிட அவர்கள் கடிகாரம் மூன்றரை மணி நேரம் முன்னால். இங்கே மத்தியான வெயில், அங்கே இருட்டி விளக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் சாப்பாட்டு மேஜையில் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள், தேவாலயத்துப் பெஞ்சுகளில் ஊர் உட்கார்ந்திருந்தது. முன்னால் ஊர் மூப்பர், வெள்ளைச் சட்டையில். அவள் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள்.

முதலில் சாப்பாடு பற்றிக் கேட்டார்கள். பாதிப் பேர் மீன் சாப்பிடுவார்கள், மீதிப் பேர் தயிர் சாதம் என்றார் எதிர்வீட்டுக்காரர். தயிர் என்றால் என்ன என்று விளக்குவதற்கே நேரம் பிடித்தது. பின்பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். அவருடைய இரண்டு மகன்களும் வெளித்தீவில் வேலை செய்கிறார்கள் என்று அவள் எங்களுக்குச் சொன்னாள். நிறுவனம் படகுத்துறை தருகிறது, நீங்கள் என்ன தருவீர்கள் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. படகுத்துறை கட்ட என்னால் ஆகாது, ஆனால் இந்த முறை போனவர்கள் நல்லபடியாகச் சொன்னால் ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு கூட்டம் வரும், என் தொழில் அப்படித்தான் வளர்ந்தது என்றார் எதிர்வீட்டுக்காரர். கூட்டிச் சொல்லவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு மூப்பர் பேசினார். மெதுவாக, நீளமாக. அவர் முடிக்கும்வரை கேட்டுவிட்டு அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் எல்லோரும் வந்து இறங்கிவிட்டீர்கள். அப்போது காவலர்கள், இன்னும் ஆகவில்லை, இந்த வருடம் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்."

எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஆட்களை அழைத்துப் போகிறவர் அவர், வாக்குக் கொடுக்க அவருக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கும் அந்தத் தொழிலுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் மொழிபெயர்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்ட அவளைப் பார்த்ததும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"உட்கார்ந்திருப்போம் என்று சொல்லு. நாங்கள் திருப்பதிக்குப் போகிறவர்கள். ஒரு நிமிஷம் பார்ப்பதற்கு ஒரு பகல் முழுக்க அடைத்த கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்போம். சீக்கிரம் திற என்று யாரும் சாமியிடம் சண்டை போட்டதில்லை. உங்கள் கடல் இன்னும் ஆகவில்லை என்றால் கரையில் இருந்து கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த முறை மறுபடி வருவோம்."

அவள் அதைச் சொல்லி முடித்தாள். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று என் கணவர் போனைத் தட்டப் போனார், அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். அங்கே கை தூக்கி எண்ணுகிற வழக்கம் இல்லை. எல்லோரும் பேசி, எல்லோருக்கும் ஒரே முடிவு வந்து சேரும்வரை பேச வேண்டும். பின்பெஞ்சுக்காரர் மூன்று தடவை எழுந்தார். நாங்கள் காபி போட்டுக் குடித்தோம், திரும்பவும் போட்டோம். அவள் தன் டம்ளரைத் தொடவே இல்லை. பேசுவதை எங்களுக்குச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். அவள் முகத்தை வைத்தே நான் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முயன்றேன், ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசியில் மூப்பர் ஒரு வாக்கியம் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பின்பெஞ்சுக்காரரும் நின்றார். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன சொன்னார்? சொல்லேன்" என்று அதட்டினேன்.

நிறுவனத்தின் ஒப்பந்தத் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பப்போகிறார்கள். கடலை மூடுவதற்குச் சம்மதித்தால் அவர்கள் மறுபடி வரட்டும், இல்லாவிட்டால் வேண்டாம். ஹைதராபாத் கூட்டத்துக்கு நான்கு அறை போதாது, அதனால் ஒவ்வொரு வீடும் ஆட்களை வைத்துக்கொள்ளும். இதைச் சொல்லிவிட்டு அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மூப்பர் இன்னும் ஒன்று கேட்கிறார், திருப்பதிக்குப் போகிற அம்மா எந்த வீட்டில் தங்குவார், மூப்பருடைய மனைவி தங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்கிறாராம்.

'நாங்கள்' என்று பேசும்போது அதில் நானும் உண்டு என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்குப் படகு என்றாலே குமட்டும். உசைன் சாகர் ஏரிப் படகில்கூட ஏறியதில்லை. பேய்முழி முழித்துக்கொண்டு கணவரைப் பார்த்தேன்.

"சொல்லிட்டல்லா, பெறகு என்னட்டி" என்றார் அவர். "போயிட்டு வந்துருவோம்."

அவள் ஊர் திரும்பி மாதங்கள் ஆகின்றன. எதிர்வீட்டுக்காரரின் கூட்டத்தில் இடம் நிரம்பிவிட்டது, எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. போன வாரம் அவளிடமிருந்து செய்தி வந்தது. காவலர்கள் முங்கிப் பார்த்தார்களாம், சிப்பிகள் இன்னும் கொஞ்சம் வளர வேண்டுமாம், உங்களுக்குத் தொந்தரவு இல்லையே என்று மிகுந்த தயக்கத்தோடு கேட்டிருந்தாள். பால்காரர் ஐந்து நிமிஷம் தாமதித்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுகிறவள் நான். அவளுக்கு உடனே பதில் எழுதினேன்: "நன்றாக வளரட்டும். எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை."